பச்சை நூல் பொட்டலம்

அம்மாவும் மகளும் வீட்டில் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு படுக்கை விரிப்பை மடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடிக் கொடியிலிருந்து எடுத்து வந்த இரட்டைக் கட்டில் விரிப்பு நாற்காலியில் குவிந்து கிடந்தது. மகள் சன்னல் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு மின்சுற்றுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடி இந்தப் பக்கம். ஊர்ப்பட்ட பெட்ஷீட்டை மடிச்சு அடுக்கறவ வீட்டுல இது மட்டும் சுருட்டி எறிஞ்ச மாதிரி கிடக்கு. யாராவது பார்த்தா என் வேலையே போயிடும்."

"யாரும்மா பார்க்கப் போறா?"

"நான் பார்க்கறேன்ல."

ஆளுக்கு இரண்டு முனை. துணி விறைப்பாகும் வரை இருவரும் பின்னால் நகர வேண்டும். அம்மா முதலில் வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டி இழுப்பாள். என் பிடி சரியாக இருக்கிறது, உன் பிடியைக் காட்டு என்று அர்த்தம். மகள் பதிலுக்குச் சுண்ட வேண்டும். அப்புறம் இருவரும் எதிரெதிரே நடந்து நடுவில் சந்திப்பார்கள். மகள் கையிலிருக்கும் முனைகளை அம்மா வாங்கிக்கொள்வாள். வாங்கும்போது நெற்றியால் நெற்றியில் ஒரு முட்டு. மகள் இடுப்புயரம் இருந்த காலத்தில் அம்மா குனிந்து முட்டினாள். மகள் வளர்ந்த பிறகு அம்மா எக்கி நின்று முட்டினாள். அந்த வீட்டில் முட்டு விழாமல் எந்த விரிப்பும் அலமாரிக்குப் போனதில்லை.

அன்றைக்குப் போனது. மகள் நெற்றியைக் குனிந்து கொடுத்தாள். அம்மா முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு இருமினாள்.

"கிட்ட வராத. சளி பிடிச்சிருக்கு. உனக்கும் ஒட்டிக்கும்."

"ஒட்டினா ஒட்டட்டும்."

"ஒட்டிட்டு எவன் லிஃப்ட்டையாவது பாதியில நிறுத்திட்டு வந்து படுத்துப்ப. முட்டு பாக்கி. அடுத்த வாரம் ரெண்டா வாங்கிக்கோ."

கையை முழுக்க நீட்டி முனைகளை வாங்கிக்கொண்டாள். மடித்த விரிப்பை அலமாரியில் வைத்துவிட்டு, தன் வேலைப் பையை மடியில் போட்டுக்கொண்டு ஏதோ தைக்க உட்கார்ந்தாள். தையல் முடியும் முன்பே இருமல் மறுபடி வந்தது.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பையை மூடினாள்.

அந்த நாளை வரவில்லை.

*

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கட்டடத்தின் பின்பக்கம், தரைக்குக் கீழே, சன்னல் இல்லாத நீளக் கூடம். ஒரு கோடியில் ஆள் உயர சலவை இயந்திரங்கள். இன்னொரு கோடியில் மடிப்பு மேசை. நடுவில் இஸ்திரி. நீராவியில் எல்லோருக்கும் முகம் எப்போதும் சிவந்தே இருக்கும்.

கணவர் இறந்த வருஷம் அவள் அங்கே சேர்ந்தாள். மகள் அப்போது பள்ளிக்கூடத்துச் சிறுமி. முதலில் ஈரத்துணிப் பக்கம் போட்டார்கள். அங்கே கை வெந்து புண்ணானது. மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு மடிப்பு மேசைக்கு மாற்றினார். அங்கேயே வேர் பிடித்துவிட்டாள். உயர்வு கொடுக்கிறோம், மேற்பார்வை பார் என்று ஒரு முறை கூப்பிட்டார்கள். "அடுத்தவங்களை விரட்டற வேலைக்கு என் தொண்டை பத்தாது" என்று சொல்லிவிட்டாள். தொண்டை பத்தாதாம். தெருமுனையில் வரும் மகளை மாடியிலிருந்து கூப்பிட்டால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும்.

மேலே இருந்த மாடிகளில் அவளுக்கு யாரையும் தெரியாது. போனதே இல்லை. ஆனால் அங்கே வேலை பார்க்கும் நர்சுகளின் பைகளைத் தெரியும். யூனிஃபார்ம் சலவைக்கு வரும்போது அதன் பையில் எதையாவது விட்டிருப்பார்கள். பேனா, தொண்டை மிட்டாய், கொண்டை ஊசி, ஒற்றைத் தோடு. மற்றவர்கள் அதையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவார்கள். தேடி வருகிறவருக்குக் கிடைக்கும், வராதவருக்கு இல்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கிழிந்த தலையணை உறையை வெட்டி, உள்ளங்கை அளவில் பை தைத்து, கிடைத்த பொருளை உள்ளே வைத்து நாலு பக்கமும் மூடித் தைத்து, இஸ்திரி போட்ட யூனிஃபார்மின் காலரில் ஊக்கால் குத்தி மேலே அனுப்புவாள். யார் துணி யாருக்குப் போக வேண்டும் என்று தெரிவதற்காகக் காலரின் உட்புறம் ஆளுக்கொரு நிறத்தில் நூல் குறி போடுவதும் அவள்தான். பொட்டலத்தையும் அந்தந்த நிற நூலால்தான் தைப்பாள்.

ஒரு நாளும் யார் கையிலும் நேரில் கொடுத்ததில்லை. கொடுத்தால் நன்றி சொல்வார்கள். நன்றி சொன்னால் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது.

மேல்மாடிகளில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அது அவளுக்கே தெரியாது.

மகள் படித்து, லிஃப்ட் நிறுவிப் பராமரிக்கும் கம்பெனியில் பொறியாளரானாள். அம்மாவுக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் லிஃப்ட்டில் மட்டும் ஏற மாட்டாள்.

"நீ ஸ்க்ரூவைச் சரியா முடுக்கியிருப்பியோ என்னமோ. நான் படியிலயே வர்றேன்."

"அம்மா, அது நான் போட்ட லிஃப்ட் இல்ல."

"அப்ப இன்னும் மோசம். போட்டவன் யாருன்னே தெரியாது."

திங்கட்கிழமை மடிப்பு மேசையில் மயங்கி விழுந்தாள். எதிர்முனையைப் பிடித்திருந்தவர் இஸ்திரி அண்ணன். அந்தக் கூடத்தில் அவளோடு கூடவே நரைத்தவர். சக்கரக் கட்டிலில் வைத்து அவளை மேலே கொண்டு போனதும் அவர்தான். லிஃப்ட்டில்.

"கண்ணைத் திறந்து பார்த்தாங்கம்மா" என்று பின்னால் மகளிடம் சொன்னார். "கதவு மூடுது. என் சட்டையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. 'என் பொண்ணு போட்டதா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். விட்டுட்டாங்க."

மகள் வந்து சேர்வதற்குள் தொண்டையில் குழாய் இறக்கியிருந்தார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை.

*

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் முதல் முறை நுழைந்தபோது மகள் அம்மாவைத் தேடினாள். நர்ஸ் காட்டிய கட்டிலில் ஒரு தலையின் பின்பக்கம் மட்டும் இருந்தது.

அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை, இடுப்புக்கடியில் ஒன்று. நீச்சல் அடிப்பவள் போல ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை பக்கவாட்டில். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கத்தில் இயந்திரமும் குழாய்களும் சுவரும். போய்ப் பார்க்க இடமில்லை.

"ஏன் இப்படி?" என்றாள்.

அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ் குள்ளமானவர். குரல் ஆளைவிட உயரம். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நிமோனியாம்மா. நுரையீரல் ரெண்டும் தண்ணி குடிச்ச பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. மல்லாக்க விட்டா பின்பக்கம் பூரா நசுங்கிப் போயிடுது. காத்துப் போறதுக்கு வழியில்ல. குப்புறப் போட்டா அந்தப் பக்கம் விரியுது. பாருங்க, ஆக்சிஜன் ஏறியிருக்கு."

மகளுக்கு அது புரிந்தது. எடை எங்கே உட்கார்கிறதோ அங்கே வேலை நடக்காது; எடையை இடம் மாற்ற வேண்டும். தன் வேலையில் தினமும் செய்வதுதான். புரிந்ததால் எந்தப் பிரயோசனமும் இல்லை. அவளுக்கு முகம் வேண்டியிருந்தது.

"எப்ப திருப்பிப் போடுவீங்க?"

"காலையில."

"காலையில வந்தா பார்க்கலாமா?"

"காலையில டாக்டர்ங்க வருவாங்க, சுத்தம் பண்ணுவோம், எக்ஸ்ரே எடுப்பாங்க. வெளியாளுங்களை விட மாட்டோம். பார்க்கிற நேரம் மத்தியானம்தான்."

"மத்தியானம் குப்புறத்தானே இருப்பாங்க?"

"ஆமா."

கணக்கு இப்படி அமைந்தது. முகம் இருக்கும் நேரத்தில் மகளுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருக்கும் நேரத்தில் முகம் இல்லை.

தினமும் மத்தியானம் வந்து அந்தப் பின்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வகிடு எடுக்காத நரைமுடி. கழுத்தில் ஒரு மச்சம், இதற்கு முன் பார்த்ததே இல்லை. அம்மாவின் முதுகு இயந்திரத்தின் இழுப்புக்கு ஏறி இறங்கியது. எண்களைப் படித்தாள். அழுத்தம், கொள்ளளவு, ஆக்சிஜன் அளவு. லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பலகையைப் படிப்பது போல எளிதாக இருந்தது. பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் அலமாரியைத் திறந்தால் அந்த விரிப்பு. முட்டு விழாத விரிப்பு. திறக்காமல் இருந்தாள்.

ஒரு மத்தியானம் நர்ஸ் கட்டிலின் மேல் குனிந்து அம்மாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, வாயைத் துடைக்கறேன், கசக்கும், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே செய்தார். நினைவில்லாதவரிடம் அவர் பேசாமல் எதையும் செய்வதில்லை. கண்ணுக்கு மருந்து போடும்போதும், சளியை உறிஞ்சி எடுக்கும்போதும், கன்னத்தில் புண் வராமல் தலைக்கடியில் பஞ்சைச் சரிசெய்யும்போதும், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடுவார். மகள் பின்னால் நின்றிருந்தாள். குனிந்தபோது நர்சின் காலர் மடங்கி உட்புறம் தெரிந்தது. பச்சை நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. வலது கோடு மட்டும் கொஞ்சம் நீளம்.

மகளின் பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்தக் குறி இருந்தது. அதே நீள வலது கோடு.

"சிஸ்டர், உங்க காலர்ல அந்தத் தையல்…"

"இதா? கீழ லாண்டரியில ஒரு அக்கா போடுவாங்க. எனக்குப் பச்சை."

"அது எங்கம்மா."

நர்ஸ் நிமிர்ந்தார். கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"பொட்டலம் அக்காவா?"

"என்ன?"

"நாங்க அப்படித்தான் சொல்லுவோம். பொட்டலம் அக்கா." கட்டிலைப் பார்த்தார். "கடவுளே. கேஸ் ஷீட்டுல ஆஸ்பத்திரி ஊழியர்னு மட்டும் எழுதியிருந்தது. அக்கா, நீங்களா? நான் பாதி கடிச்ச பிஸ்கட்டைக்கூட நாலு பக்கமும் தைச்சு அனுப்பினீங்களே, என்ன நினைச்சு அனுப்பினீங்க? மானம் போச்சு எனக்கு. வார்டே சிரிச்சுது."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டிடத்துக்குள் வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் அழுகையாகிவிட்டது. நர்ஸ் நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "எப்படிப் பேசுவாங்க? குரல் எப்படி இருக்கும்?"

"மாடியிலிருந்து கூப்பிட்டா நாய் எழுந்து உட்காரும்."

"இவ்வளவு வருஷமா இவங்க தைச்ச துணியைப் போட்டுட்டிருக்கேன். குரலைக் கேட்டதில்ல. கேட்கணும்." நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டார். "கேட்டுடுவோம் அக்கா. என்ன?"

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே காத்திருப்பு.

*

திருப்பிப் போடுவதை மகள் ஒரே ஒரு முறை பார்த்தாள். எக்ஸ்ரே தாமதமாகி, வேலை மத்தியானம் வரை இழுத்துவிட்டது. திரை முழுசாக மூடவில்லை.

தலைமாட்டில் மருத்துவர் ஒருவர், குழாயை இரண்டு கையாலும் பிடித்தபடி. பக்கத்துக்கு இரண்டு பேர். அம்மாவுக்கு அடியில் ஒரு விரிப்பு. மேலே இன்னொன்று. இரண்டின் ஓரங்களையும் சேர்த்து உடம்போடு ஒட்ட உருட்டினார்கள். துணி விறைத்தது.

"பிடி சரியா இருக்கா?" என்றார் நர்ஸ்.

எதிர்ப்பக்கத்தவர் பதிலுக்குத் துணியை ஒரு சுண்டு சுண்டினார்.

மகளின் கை திரையைப் பற்றிக்கொண்டது.

மேலே போர்த்திய விரிப்பில் மடிப்புக் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன. நீளத்துக்கு ஒன்று, குறுக்கே இரண்டு. கீழே யார் மடித்தது? அம்மா விழுவதற்கு முன் மடித்து அடுக்கியதாகவும் இருக்கலாம். அப்படித்தான் என்று மகள் வைத்துக்கொண்டாள். கேட்டால் இஸ்திரி அண்ணனும் ஆமாம் என்றுதான் சொல்லுவார்.

தலைமாட்டிலிருந்து குரல் வந்ததும் எல்லாரும் ஒரே மூச்சில் தூக்கிப் பக்கவாட்டில் நிறுத்தி, கை மாற்றிக் கவிழ்த்தார்கள். நடுவில் ஒரு கணம் அம்மாவின் முகம் திரைப்பக்கம் வந்தது. வீங்கியிருந்தது. கண்ணிமைகளில் நாடா ஒட்டியிருந்தது. வாயோரத்தில் குழாய். அம்மா மாதிரி இல்லை. மகள் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த கணம் மறுபடி பின்தலை.

வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்தாள். லிஃப்ட் பக்கத்திலேயே இருந்தது. அதில் ஏறத் தோன்றவில்லை.

*

ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஒரு வாரம் போனதும் குப்புறப் போடுவதை நிறுத்தினார்கள். மயக்க மருந்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். மத்தியானம் வந்த மகளை நர்ஸ் வாசலிலேயே மறித்தார்.

"முகம் இருக்கு. போய்ப் பாருங்க. ஆனா ஒண்ணு, கையைக் கட்டியிருக்கோம். பார்த்துப் பதறாதீங்க."

"ஏன் கட்டினீங்க?"

"முழிப்பும் இல்லாம தூக்கமும் இல்லாம ஒரு நிலை. நேத்து மூக்குக் குழாயைப் பிடுங்கிட்டாங்க. தொண்டைக் குழாய்ல கை வச்சா என்ன ஆகும்? அதான்."

வீக்கம் வடிந்திருந்தது. அம்மாவின் முகம் அம்மாவிடம் திரும்பி வந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. இரண்டு கையிலும் பஞ்சு வைத்த உறை மாட்டி, மெத்தென்ற பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். உறைக்குள் விரல்கள் நிற்கவே இல்லை. விரிப்பைப் பிராண்டின. எதையோ தேடின.

"நாள் பூரா இப்படித்தான். குழாயைத்தான் தேடறாங்க" என்றார் நர்ஸ்.

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுது எங்கே என்று தெரியாத இயந்திரத்தின் முன் நிற்பது போல, கையைக் கட்டிக்கொண்டு, அவசரப்படாமல். விரல்கள் மேலே முகத்துப் பக்கம் போகவில்லை. பக்கவாட்டில் போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உறையோடு துணியைக் கிள்ளி, தடவி, நழுவவிட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி கிள்ளின.

"சிஸ்டர், குழாயைத் தேடல. ஓரம் தேடறாங்க."

"என்ன ஓரம்?"

"துணியோட ஓரம். தைச்ச ஓரம் கைக்கு அகப்பட்டாத்தான் முனை கிடைக்கும். மடிக்கிறாங்க, சிஸ்டர். வேலைக்குப் போயிருக்காங்க."

நர்ஸ் ஒரு கணம் அந்த விரல்களையே பார்த்தார். அப்புறம் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றார்.

"கையை அவிழ்க்கறேன். நான் இங்கேயே நிப்பேன். குழாய்ப் பக்கம் போச்சுன்னா திரும்பக் கட்டிடுவேன், என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

"வர மாட்டேன்."

"அந்தத் துண்டை எடுங்க. ஏய், யாரும் என் பேனாவை எடுத்துட்டுப் போகாதீங்க, சாவியைத் தொலைச்சு லாக்கரையே பேண்டேஜ் துணியால கட்டி வச்சிருக்கேன் நான்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே உறைகளைக் கழற்றினார்.

மகள் துண்டின் ஒரு பக்கத்தை அம்மாவின் கைகளுக்கு அடியில் வைத்தாள். விரல்கள் துணியைத் தடவின. ஓரத்தைக் கண்டன. ஓரத்தோடு ஊர்ந்து ஊர்ந்து முனைக்குப் போயின. இடது முனை. பிறகு வலது. பிடித்துக்கொண்டதும் கைகள் அசையாமல் நின்றன.

மகள் எதிர்முனைகளை எடுத்துக்கொண்டு கால்மாட்டுப் பக்கம் நகர்ந்தாள். துண்டு விறைத்தது.

எதுவும் நடக்கவில்லை. இயந்திரம் மூச்சுவிட்டது.

பிறகு ஒரு சுண்டல். பட்டாம்பூச்சி உட்கார்ந்து எழுந்த அளவு. மகள் பதிலுக்குச் சுண்டினாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

முதலில் கூரையைப் பார்த்தாள். கண்கள் கீழே இறங்கித் துண்டைப் பிடித்தன. துண்டு வழியாக நடந்து வந்து மகளிடம் நின்றன. அடையாளம் தெரிந்ததா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புருவம் சுருங்கியது. வேலைக்குப் போகாமல் இங்கே என்ன பண்ணுகிறாய் என்று கேட்கும் சுருக்கம்.

மகள் நடந்தாள். கட்டிலின் நீளம்தான். முனைகளை அம்மாவின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். மகள் குனிந்தாள்.

அம்மா தலையைத் தூக்கினாள். தலையணையிலிருந்து ஒரு விரற்கடை. இயந்திரம் அலறியது. குழாய் இழுபட்டு நடுவில் நின்றது, இருவர் முகத்துக்கும் குறுக்கே, வளைந்த வெள்ளைக் குழாய். இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. அம்மாவின் கழுத்து நடுங்கியது. தலை தலையணையில் விழுந்தது.

நர்ஸ் கையை நீட்டி அலாரத்தை நிறுத்தினார். குழாயைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல. அக்கா, என்ன அவசரம்?" என்றார். மகள் பக்கம் திரும்பினார். "என்ன பண்ணப் பார்த்தாங்க?"

மகள் சொன்னாள். விரிப்பு, முனை, முட்டு, பாக்கி. நாலே வாக்கியம்.

நர்ஸ் குழாய் கட்டியிருந்த பக்கத்தை அளப்பவர் போலப் பார்த்தார். "நாளைக்குக் காலையில இதை அந்த ஓரத்துக்கு மாத்திக் கட்டறேன். மத்தியானம் நீங்க வரும்போது வழியில ஒண்ணும் இருக்காது. அக்கா, நாளைக்கு. சரியா?"

அம்மா ஏற்கெனவே தூங்கியிருந்தாள். துண்டு அவள் நெஞ்சின் மேல் இரண்டாக மடிந்து கிடந்தது. கையை யாரும் திரும்பக் கட்டவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் மகள் அலமாரியைத் திறந்தாள். விரிப்பை எடுத்து, உதறி, கலைத்து வைத்தாள். மடிக்க ஆள் வரப்போகிறது.

*

மறுநாள் காலை காய்ச்சல் வந்தது. புதுத் தொற்று. மத்தியானம் மகள் போனபோது கட்டிலில் பின்தலை இருந்தது.

குழாய் மறு ஓரத்துக்கு மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. சொன்ன சொல்லை நர்ஸ் காப்பாற்றியிருந்தார்.

அதன் பிறகு நடந்ததை எண்களே சொல்லின. அழுத்தம் ஏறியது. கொள்ளளவு இறங்கியது. நுரையீரல் விறைத்துவிட்டது என்று மருத்துவர் மென்மையாக, சுற்றி வளைத்துச் சொன்னார். மகளுக்குச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கவில்லை. திறக்க மறுக்கும் கதவுக்கு எவ்வளவு விசை கொடுத்தாலும் உடைவது கதவுதான் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்தும் ஒவ்வொரு மத்தியானமும் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். குப்புறப் படுத்தவளின் தலைக்கு மேல் நீண்ட கையில் முனையை வைத்தாள். கை பிடிக்கவில்லை. தன் பக்கத்து முனையைப் பிடித்துக்கொண்டு நேரம் முடியும் வரை நின்றாள். சுண்டவில்லை. முதலில் சுண்டுவது அம்மாவின் உரிமை.

"பேசுங்களேன்" என்றார் நர்ஸ். "காது கேக்கும்னுதான் நாங்க நினைச்சுக்கறோம்."

"என்ன பேசறது?"

"எனக்கென்ன தெரியும்? திட்டுங்க."

"பெட்ஷீட் கலைஞ்சு கிடக்கும்மா" என்றாள் மகள், பின்தலையிடம். "யாராவது பார்த்தா உன் வேலை போயிடும்."

முதுகு ஏறி இறங்கியது.

ஒரு காலைப் பொழுதில் தொலைபேசி வந்தது. பார்க்கிற நேரம் இல்லை, ஆனால் வரலாம் என்றார்கள்.

நர்ஸ் அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார். இயந்திரம் நின்றிருந்தது. குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்து, நாடா ஒட்டியிருந்த இடங்களை எண்ணெய் தொட்டுத் துடைத்து, முகம் கழுவி, தலைவாரி வகிடு எடுத்திருந்தார். கழுத்து வரை போர்த்திய விரிப்பில் மடிப்புக் கோடுகள் நேராக இருந்தன.

"வழியில ஒண்ணும் இல்ல" என்றார். திரையை இழுத்து முழுசாக மூடிவிட்டு வெளியே நின்றார்.

மகள் குனிந்து நெற்றியை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. வைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா எக்கவில்லை. முட்டுவது ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்தபோது நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குரலைக் கேட்காமலே விட்டுட்டேன்" என்றார்.

*

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து இஸ்திரி அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் அம்மாவின் வேலைப் பை.

"மேசைக்கடியிலேயே இருந்தது. இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு" என்றார். பொய். இத்தனை நாள் அதை அங்கிருந்து எடுக்க மனசு வந்திருக்காது. உட்காரச் சொன்னாள். கட்டிலில் கலைந்து கிடந்த விரிப்பைப் பார்த்தார். அதைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பையில் ஒரு சீப்பு, கைக்குட்டை, கைப்புண்ணுக்கான களிம்பு. அடியில், தலையணை உறைத் துணியில் தைத்த உள்ளங்கை அளவுப் பை ஒன்று. மூன்று பக்கம் மூடியிருந்தது. நாலாவது பக்கத்தில் பாதி வரை தையல் வந்து நின்றிருந்தது. நின்ற இடத்தில் ஊசி குத்தியபடி இருந்தது. பச்சை நூல்.

மகள் திறந்த ஓரத்தை விரித்துப் பார்த்தாள். ஒரு சின்ன சாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மடியில் வைத்துத் தைக்கத் தொடங்கியது இது.

"என்னம்மா அது?"

"சிஸ்டரோட லாக்கர் சாவி."

"அடப்பாவமே, அந்தக் குள்ள சிஸ்டரா? லாக்கரை பேண்டேஜ் போட்டுக் கட்டி வச்சிருக்குன்னு ஆஸ்பத்திரியே சிரிக்குது. குடு, நான் மேல போகும்போது கொடுத்துடறேன்."

"கையில கொடுக்கக் கூடாதுண்ணா. காலர்ல குத்தித்தான் அனுப்பணும்."

அவர் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "அப்படித்தான். ஆனா பச்சை இன்னும் சலவைக்கு வரலயேம்மா. வியாழக்கிழமைதான் வரும்."

"வியாழக்கிழமை நான் வர்றேன்."

"அதுக்குள்ள தைச்சு முடிச்சிடுவியா?"

"முடிச்சிடறேன்."

அவர் போன பிறகு பையை மேசை மேல் வைத்தாள். விளக்கைக் கிட்ட இழுத்தாள். இன்னும் ஏழெட்டுத் தையல் போட்டால் பக்கம் மூடிவிடும். ஊசியின் தலையைப் பிடித்தாள். அம்மாவின் விரல் கடைசியாக விட்ட இடம், விட்ட சாய்விலேயே நின்றது. விரலை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. லாக்கர் அதுவரை பேண்டேஜிலேயே இருக்கட்டும்.